மருத்துவருக்கு நினைவூட்டும் கணிப்பொறி

நோயாளியைப் பற்றிய பதிவை, முன்னரே வகுத்த விதிகளோடு ஒப்பிட்டு, மருந்தெழுதும் வேளையில் மருத்துவரை எச்சரிப்பது கணிப்பொறியின் பணிகளுள் ஒன்றாகும். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்டு இதனைச் சோதித்து 1976-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நினைவூட்டியபோது 51 சதவிகித நேர்வுகளில் மருத்துவர்கள் தக்க நடவடிக்கை எடுத்தனர். நினைவூட்டாதபோது 22 சதவிகிதத்திலேயே எடுத்தனர். தவறுக்குக் காரணம் அறியாமையன்று, மனித மனத்தின் எல்லையே என்பது அவர் கருத்து.

ஆயினும், பதியாததைக் கணிப்பொறி நினைவூட்டாது. இதற்குக் கோலார் தங்கவயல் தக்க எடுத்துக்காட்டு. பாறைத்தூளைச் சுவாசித்த அச்சுரங்கத் தொழிலாளரை 1940-களில் ஆராய்ந்தபோது, 7,653 பேரில் 43.7 சதவிகிதத்தினருக்கு ஸிலிக்கோஸிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. நுரையீரலில் தூள் விளைத்த கேடோ நீங்குவதில்லை. இந்நோயுடையோரைக் காசநோய் எளிதிற் பற்றும். அப்போது மருந்தை வழக்கத்தினும் நீண்ட காலம் கொடுக்க நேரலாம்.

முதியவரின் பழைய தொழில் பதிவேட்டில் இல்லையெனில், இவ்வெச்சரிக்கை மருத்துவரை எட்டாது. ஆதலின், வயது, எடை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றோடு, முன்பு செய்த வேலையையும் கேட்டெழுதுதல் களப்பணியாளரின் கடமையாகும்.