திரை கறுத்தால் கார்டு மேல் பழி போடலாமா?



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் குறைவு. சிட்டை நோட்டு ஒருநாளும் நின்று போனதில்லை. கம்ப்யூட்டர் நின்று போகிறது. அதுவும் மாதம் பிறந்த முதல் ஞாயிறு, சம்பளம் வாங்கிய கூட்டம் கடை நிறைய நிற்கும்போதுதான் திரை கறுத்துப் போகும், அல்லது கோடு கோடாக ஓடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு அண்ணாச்சி, மாத்தணும்" என்கிறார். நாமும் கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். துவரம் பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் சரக்கு இறக்காத நாம், இதில் மட்டும் அடுத்தவர் சொன்னதை அப்படியே நம்புவது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் என்பது திரைக்குப் படம் அனுப்பும் பாகம். பல கம்ப்யூட்டர்களில் அது பிராசஸருக்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டு மூன்று திரை வைத்திருப்பவர்களும், பழைய மெஷினையே ஓட்டிக் கொண்டிருப்பவர்களும் தனிக் கார்டு போட்டிருப்பார்கள். டிரைவர் என்றால் லாரி டிரைவர் அல்ல. விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கும் தரகர் மாதிரி ஒரு மென்பொருள். தரகர் பேச்சை மாற்றிச் சொன்னால் வியாபாரம் கெடும். அதற்காகச் சரக்கு சொத்தை என்று ஆகிவிடாது. டிரைவர் கோளாறு என்றால் செலவு கூலியோடு முடியும். கார்டே கோளாறு என்றால் சில ஆயிரம். உத்தரவாதக் காலத்துக்குள் தயாரித்தவன் செய்த குற்றம் என்றால் நமக்குச் செலவே கிடையாது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பணம் எடுக்கக் கூடாது என்பதுதான் நாம் சொல்ல வருவது.

இதைப் பிரித்துப் பார்க்க இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்னால் கம்பெனிச் சின்னம் ஒன்று தோன்றும். அந்த நேரத்தில் டிரைவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. சின்னத்தின் மேலேயே கோடு விழுந்தால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. கார்டு, ஒயர், மானிட்டர் இவற்றில் ஒன்றுதான் காரணம். சின்னம் சுத்தமாக வந்து, விண்டோஸ் ஏறிய பிறகு கறுத்தால் டிரைவர் மீது சந்தேகப்படலாம்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. கோடு தெரியும்போதே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால் கம்ப்யூட்டருக்குள் படம் சரியாகத்தான் உருவாகியிருக்கிறது. பெரும்பாலும் ஒயரோ மானிட்டரோதான் குற்றவாளி. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு ஒயரைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். போனிலும் கோடு தெரிந்தால் கார்டையோ டிரைவரையோ பார்க்க வேண்டும்.

திரை திடீரென்று கறுத்து, மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். போட்டுக் கொண்டிருந்த பில் அப்படியே இருக்கும். எங்கள் கடையில் கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது இதைத்தான்.

விண்டோஸ் தானாகவே அப்டேட் செய்து, நன்றாக ஓடிய டிரைவரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுவதும் உண்டு. தண்டையார்பேட்டையில் நமது நண்பர் ஒருவர் கடையில் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய திரை காலையில் வரவில்லை. வந்த மெக்கானிக் புதுக் கார்டுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார். முந்தின இரவு அப்டேட் ஆகியிருந்ததைப் பார்த்து, டிவைஸ் மேனேஜரில் 'ரோல்பேக் டிரைவர்' கொடுத்ததும் பத்து நிமிஷத்தில் திரை வந்துவிட்டது. மெக்கானிக் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. கார்டை மாற்றினால் அதோடு புது டிரைவரும் ஏறும், திரையும் வரும். அதனால் கார்டுதான் கோளாறு என்று அவரே நம்பிவிடுகிறார்.

இதே டிவைஸ் மேனேஜரில் கார்டு பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும், உள்ளே 'கோட் 43' என்றும் வந்தால், கார்டு தனக்குக் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். இதுவும் உடனே தீர்ப்பாகாது. டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு, கார்டு கம்பெனியின் சொந்த டிரைவரைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகும் 43 வந்தால், வேறொரு கம்ப்யூட்டரில் அதே கார்டை மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் வந்தால்தான் கார்டு போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிரைவர் கெட்டால் கார்டுக்கு ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2010 மார்ச்சில் என்விடியா கம்பெனி வெளியிட்ட 196.75 என்ற டிரைவர், சில கார்டுகளில் விசிறியைச் சரியாகச் சுழலவிடாமல் சூடேற்றியது. கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டது.

தயாரிப்பிலேயே குற்றம் என்பதற்கும் அதே கம்பெனி ஓர் உதாரணம். 2008 ஜூலையில், லேப்டாப்புகளில் போன தன் சிப்புகள் சிலவற்றில் பொருள் பலவீனமாக இருந்ததென்று அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை கணக்கில் ஒதுக்கியது. சூடாவதும் ஆறுவதுமாக இருந்து, சிப்பின் அடியில் உள்ள நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் விட்டன. டெல், எச்.பி. போன்ற லேப்டாப் கம்பெனிகள் முதலில் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? விசிறியைக் கூடுதல் நேரம் சுழல விடும் ஒரு மென்பொருள்! அது விரிசலை ஒட்டாது, தள்ளிப் போடும். பிறகு உத்தரவாதக் காலத்தை நீட்டினார்கள். அமெரிக்காவில் வழக்கும் நடந்து 2010-ல் சமரசம் ஆயிற்று. மென்பொருள் போட்டதும் சரியாகி, சில மாதத்தில் அதே நோய் திரும்பினால் இந்தக் கதையை நினைவில் கொள்ளுங்கள்.

2024-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. திரையில் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தது. எல்லோரும் கார்டைத் திட்டினார்கள், டிரைவரை மாற்றினார்கள். கடைசியில் இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் மிதமிஞ்சி ஏறியதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் கூட்டினார்கள். ஏற்கெனவே பழுதான பிராசஸரைத் திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் வாங்க வேண்டும். அந்தத் தலைமுறை மெஷின் வைத்திருப்பவர்கள் பில்லை எடுத்துத் தேதி பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டிலும் ஓர் அடையாளம் உண்டு. உலகம் முழுக்க ஒரே மாடலில், ஒரே மாதிரி நோய். உங்கள் கார்டு ஒன்று மட்டும் கெட்டால் அது தனிப்பட்ட விபத்தாக இருக்கலாம். ஒரே சமயத்தில் வாங்கிய நாலு கடையிலும் ஒரே நோய் வந்தால் தயாரித்தவனைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் நாலு பேர் கூடிப் பேச வேண்டும்.

ஆனால் நம் வட்டாரத்தில் மூன்றாவது ஒரு சந்தேகமும் இருக்கிறது. காற்று! கடல் உப்பு ஒரு பக்கம், மணலி ஆலைகள் ஒரு பக்கம், அனல் மின்நிலையம் ஒரு பக்கம், பக்கிங்காம் கால்வாய் நாற்றம் ஒரு பக்கம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றதால் இராயபுரத்துக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. கந்தகம் கலந்த காற்று பட்டால் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் பார்க்கிறோம். கார்டின் பலகையில் இருக்கும் செம்புக்கும் வெள்ளிக்கும் அதே கதிதான். போதாததற்கு நம் கடையில் மிளகாய்த் தூசும் மைதாத் தூசும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து விசிறியில் பசை மாதிரி ஒட்டிக் கொள்கின்றன.

கார்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் அரிப்பு. துரு, அரிப்பு, ஈரம் இவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பொதுவாகச் சீட்டிலேயே போட்டிருப்பார்கள். அதைத் தயாரித்தவன் தலையில் கட்ட முடியாது. செருகும் முனையில் மட்டும் லேசாகக் கறுத்திருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினாலே பல கார்டு பிழைக்கும். மெஷினைத் தரையில் வைக்காமல், மாவு, வத்தல் மூட்டைகளிலிருந்து தள்ளி உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை அணைத்துவிட்டுத் தூசு ஊதச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ரிச்சி தெருவில் ஜிடி 730 என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்த ஒரே பெயரில் ஃபெர்மி, கெப்ளர் என்ற இரண்டு வேறு ரகச் சிப்புகள் வந்திருக்கின்றன. ஃபெர்மிக்குப் புது டிரைவர் 2018-லேயே நின்றுவிட்டது, கெப்ளருக்கு 2021-ல். ஒரே சாக்கில் இரண்டு அரிசி! பெட்டியைப் பார்த்து வாங்காமல், உள்ளே எந்தச் சிப் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய கார்டு மலிவாக வந்தால், அது இரவும் பகலும் கிரிப்டோ காசு தோண்டிக் களைத்ததா என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் காசுக்கு அந்த வேலை நின்றபோது உலகெங்கும் அப்படிப்பட்ட கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன.

உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் வணிகருக்கு அங்கே ஒரு வாசற்படி உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய இயந்திரத்தில் குறை என்று லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கில், 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வாங்கியது வணிக நோக்கத்துக்கு, ஆகவே அவர் நுகர்வோர் அல்ல என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் ஒரு வழியும் திறந்து வைத்தது. தன் பிழைப்புக்காக, தானே இயக்கும் சாதனத்தை வாங்கியவர் நுகர்வோர்தான். ஓரிருவர் உதவிக்கு இருந்தாலும், குடும்பத்தார் கை கொடுத்தாலும் பாதகமில்லை. 2019 சட்டத்திலும் சுயதொழில் பிழைப்புக்கான இந்த விலக்கு இருக்கிறது. மனைவி மக்களோடு கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் மளிகைக்காரர் போகலாம். பத்து ஆள் வைத்து நடத்தும் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் சிவில் கோர்ட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம். எதற்குப் போனாலும் முதலில் கேட்பது பில். அதில் மாடல் பெயரோடு கார்டின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கிய கார்டுக்கு அங்கே பேச்சே இல்லை.