கிளினிக் கொப்பியைக் கேட்காத டொக்டர்

ஹட்டனில் படிப்பிக்கிற அக்கா ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். முகநூலில் வந்த எடை குறைப்பு விளம்பரத்தை அழுத்தி, எடை, உயரம், வயது என்று ஐந்தாறு கட்டங்களை நிரப்பியிருக்கிறார். சற்று நேரத்தில், வாரம் ஒருமுறை வயிற்றில் போடும் ஊசியின் விலையும் வங்கிக் கணக்கு இலக்கமும் வந்துவிட்டன.

“டொக்டர் யாரு அக்கா?”

“பேரு போடல தம்பி. நான் குடிக்கிற குளிசையப் பத்தியும் கேக்கல.”

அவர் குடிப்பது நீரிழிவுக்கான கிளிக்ளசைட். அந்த ஊசி செமக்லூடைட். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கி, வகுப்பறையிலேயே மயங்கி விழக்கூடும்.

செமக்லூடைட் போலி வைத்தியம் அல்ல. ‘ஒசெம்பிக்’ என்ற பெயரில் 2017இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அனுமதி பெற்று, 2021இல் ‘விகோவி’ என்ற பெயரில் எடைக்கும் வந்தது. பெரிய ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. வேலை செய்கிற மருந்து என்பதால்தான் கேள்விகள் அவசியம். கணைய அழற்சி வந்ததா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டுப் புற்றுநோய் உண்டா? பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா? இதையெல்லாம் கேட்காதவர் டொக்டராகவே இருந்தாலும் அவரிடம் ஊசி வாங்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு எடை குறைக்கும் மருந்து என்று கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள்; நாட்டின் சராசரி 17.3. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் காணாத உடம்புக்குத்தான் பிற்காலத்தில் வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் எளிதில் வருகின்றன. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் பசியை அடக்குகின்றன. நுவரெலியாவில் விளைகிற மரக்கறியோ லொறியேறிக் கொழும்புக்குப் போகிறது. இந்த மக்களுக்கு நல்ல மருந்து கிடைக்கத்தான் வேண்டும், நல்ல டொக்டரின் கையால்.

லயத்திலிருந்து டவுனுக்குப் போய் விசேட வைத்தியரைப் பார்த்துவர ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் போனிலேயே டொக்டரைப் பார்க்க உதவும் ஓடொக், டொக்990 போன்ற செயலிகள் வந்தது நமக்குப் பெரிய உதவி. ஆனாலும் எந்தச் செயலியானாலும் டொக்டரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முகம் பார்த்து, தமிழில் பேசுகிறாரா? மருந்துச்சீட்டை நம் கையில் தருகிறாரா, அல்லது தன்னிடமே வாங்கச் சொல்கிறாரா? இந்த ஊசியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். கூட்டிய வாரம் இரவெல்லாம் வாந்தி எடுத்தால் யார் போனை எடுப்பார்? முதல் மாதச் சலுகை விலையிலும் மயங்கிவிடக் கூடாது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்ததாக ஆய்வு சொல்கிறது.

மருந்து தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவானதா என்பதையும் கேளுங்கள். போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. உண்மையான ஊசியாக இருந்தாலும், திறக்கும்வரை 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பாதையும் இல்லை, கரண்டும் இல்லை. இப்படிப்பட்ட ஊருக்கு பஸ் பார்சலில் வரும் ஊசி எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று விற்பவரால் சொல்ல முடியுமா?

அக்கா பணம் கட்டவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பியை எடுத்து, கடைசி மூன்று பக்கங்களைப் படம் பிடித்தார். பதிவேட்டில் பெயருள்ள ஒரு பெண் வைத்தியரிடம் வீடியோவில் பேசினார். இருபது நிமிடம் கேள்வியாகவே போனது. ஊசி எழுதித் தரவில்லை. சிறுநீரகத்துக்கும் சீனிக்கும் ரத்தம் சோதித்து வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை, ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு அக்கா டிக்கோயா பஸ் ஏறினார்.