வாயையே தொட்டிலாக்கிய மீன்

முட்டம் கடற்கரையில் மீனவர் வலையை உதறும் வேளையில், கடற்கெளுத்தியின் வாயிலிருந்து கோலிக்குண்டு போன்ற மஞ்சள் நிற உருண்டைகள் மணலில் சிதறுவதைச் சில நாட்களில் காண நேரலாம். புதிதாகக் காண்போர், அம்மீன் ஏதோ இரையை விழுங்கும்போது வலையில் அகப்பட்டது போலும் என்று கருதுவர். உண்மை அதுவன்று. அவ்வுருண்டைகள் அம்மீன் இனத்தின் முட்டைகளே. அவற்றை ஏந்தியிருந்ததும் தாய் மீனன்று, தந்தை மீன். இந்த வியப்பான செய்தியில் நமது கடலோர மக்களின் வாழ்வைத் தொடும் பாடம் ஒன்று அடங்கியிருப்பதால், அதனைச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

தந்தையின் நோன்பு

சாளை பல்லாயிரக்கணக்கிலும், நெய்மீன் இலட்சக்கணக்கிலும் முட்டைகளை நீரில் விட்டுச் செல்கின்றன. அவற்றைக் காப்பார் இல்லை. பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகிவிட, எஞ்சிய சிலவே மீனாகின்றன. கடற்கெளுத்தியின் வழி இதற்கு நேர்மாறானது. அது இடும் முட்டைகள் சில பத்துகள். மிஞ்சினால் நூற்றுக்குச் சற்று மேல். ஆனால் ஒவ்வொரு முட்டையும் ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட குறுக்களவு உடையது. குஞ்சுக்கு வேண்டிய உணவு முழுவதும் மஞ்சட்கருவாக அதனுள் நிறைந்துள்ளது.

பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அவற்றைத் தன் வாயில் ஏற்றுக்கொள்கிறது. மூச்சுக்காக வாய் வழியே புகுந்து செவுள் வழியே வெளியேறும் நீர், முட்டைகளின் மீதும் ஓடி அவற்றுக்கு உயிர்வளியை ஊட்டுகிறது. குஞ்சு பொரித்த பின்னும் காவல் தீர்வதில்லை. வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருப் பை கரைந்து, தாமே நீந்தி இரை தேடும் வலிமை பெறும் வரை, குஞ்சுகள் தந்தையின் வாயிலேயே வளர்கின்றன. சில இனங்களில் இதற்கு இரண்டு மாதமும் ஆகும். அக்காலமெல்லாம் தந்தை மீன் இரை கொள்வதில்லை. அவ்வாறு பிடிபட்ட மீன்களை அறுத்துப் பார்த்த ஆய்வாளர், அவற்றின் இரைப்பை வெறுமையாக இருக்கக் கண்டனர்.

ஊர்க் குளத்து உறவினர்

வாயில் குஞ்சு காக்கும் மற்றொரு மீனையும் நம் மக்கள் அறிவர். 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா அது. ஜிலேபிக் கெண்டை என்றும் வழங்குவர். அதில் இப்பணியைச் செய்வது தாய் மீன். ஆனால் திலேப்பியாவோ வேண்டாத அளவுக்குப் பெருகிக் குளங்களை நிரப்பிவிடுகிறது. ஒரே பழக்கத்தால் இருவேறு விளைவு ஏன் என்ற ஐயம் எழலாம். திலேப்பியா சில மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கிறது. கடற்கெளுத்தியோ பருவமடையவே ஆண்டுகள் ஆகும். அதன் முட்டைகளும் மிகச் சில. ஆதலின் குளத்துத் திலேப்பியா எளிதில் ஈடுசெய்யும் இழப்பைக் கெளுத்தியால் ஈடுசெய்ய இயலாது.

கன்னடக் கரை தரும் எச்சரிக்கை

இது வெறும் ஊகமன்று. 1980களில் கர்நாடகத்தின் மங்களூர், மால்பே கடற்பகுதிகளில், முட்டை சுமந்த ஆண் கெளுத்திகள் கூட்டம் கூட்டமாகச் சுருக்குமடி வலைகளில் சிக்கின. மீன்கள் விலைபோயின, உதிர்ந்த முட்டைகள் வீணாகக் கொட்டப்பட்டன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் இதன் கேட்டை எடுத்துக்காட்டினர். ஆயினும் பின்னாண்டுகளில் மேற்குக் கரையின் கெளுத்தி வளம் பெரிதும் சரிந்தது. முட்டையுடன் ஒரு தந்தை மீன் பிடிபடும்போது குறைவது ஒரு மீன் அன்று. ஒரு குடும்பமே அழிகிறது. விதைநெல்லைக் குத்தி உண்ட உழவனின் நிலையே பின்னர் மீனவனுக்கும் நேரும்.

நாம் செய்யத்தக்கவை

நமது மாவட்டம் அடங்கிய மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அது பல மீன்களுக்கு நன்மை தருவதே. எனினும் தடைக்காலத்துக்கு வெளியேயும் முட்டை சுமந்த கெளுத்திகள் வலையில் படலாம். ஆதலின் சட்டத்தோடு மீனவரின் விழிப்பும் வேண்டும்.

முதலாவதாக, வளைக்கப்பட்ட கூட்டம் முட்டை சுமந்தது என்று தெரிந்த உடனே, மீன்கள் நீரில் இருக்கும்போதே வலையைத் தளர்த்தி விடுவித்தல் நலம். வலையின் நெரிசலில் முட்டைகள் வாயிலிருந்து உதிர்ந்துவிடுமாதலால், படகில் ஏற்றிய பின் விடுவதால் பயன் குறைவு. இரண்டாவதாக, தனியே உயிருடன் அகப்படும் சுமை மீனைத் தாமதமின்றிக் கடலில் விடலாம். முள்ளின் நஞ்சு கடுமையானதாகையால் வெறுங்கையால் பற்றலாகாது. மூன்றாவதாக, இத்தகைய மீன் எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று படகுதோறும் குறித்துவைத்தால், விலக வேண்டிய பருவத்தையும் இடத்தையும் ஊராரே வகுத்துக்கொள்ள இயலும்.

ஒரு நாள் வருவாயை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கடனும் எண்ணெய்ச் செலவும் அவ்வலையை இழுக்கின்றன. ஒருவர் விடுவித்த மீனை அடுத்தவர் பிடிப்பாராயின், விட்டவருக்கே நட்டம். ஆகவே இது தனி ஒருவரின் அறத்தால் மட்டும் நிறைவேறாது. கிராம சபையிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கூடிப் பேசி, ஊர்க் கட்டுப்பாடாக ஏற்க வேண்டும். பசி பொறுத்துத் தன் மக்களைக் காக்கும் அம்மீனுக்குச் சில வாரங்கள் வழிவிட்டால், நம் மக்களுக்கும் கடலில் மீன் இருக்கும்.