துணிதான் விமானம்

பாராமோட்டார் வாங்கிப் பறக்க ஆசைப்படுகிறவர் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், செல்ஃப் ஸ்டார்ட் உண்டா? பைக் வாங்கிப் பழகியவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்! கண்ணில் படுவதும் எஞ்சின்தான். முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு சட்டம், அதில் ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதன் பின்னால் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் நீள விசிறி, விசிறியைச் சுற்றி வலை கட்டிய கூண்டு. இவ்வளவும் சேர்ந்து அரை மூட்டை சிமென்ட் கனம் இருக்கும். ஆளைத் தூக்கப்போகும் பொருள் இதில் இல்லை. அது பக்கத்தில் ஒரு பையில் மடித்த துணியாகக் கிடக்கிறது.

அந்தத் துணி பட்டக்காரர் ஒருவரின் மூளையில் பிறந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பட்டம் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பர்ட், 1960களில் குச்சியே இல்லாத ஒரு பட்டத்தை வடிவமைத்தார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் தையல் போட்டுப் பிரித்த அறைகள். ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கம் வாய் திறந்திருக்கும். எதிர்க்காற்று அந்த வாய்களில் புகுந்து அறைகளை நிரப்ப, தொளதொளத்த துணி விமான இறக்கையின் வடிவத்துக்கு உப்பிக்கொள்ளும். பாராசூட்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 1978இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், மியூசி என்ற ஊரின் சரிவிலிருந்து சிலர் இந்தப் பாராசூட்டோடு ஓடி இறங்கினார்கள். பாராகிளைடிங் அங்கே வேர்விட்டது. மலை இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? 1980களில் முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் பாராமோட்டார்.

எஞ்சின் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 75 கிலோ, எஞ்சினும் சட்டமும் 25, பெட்ரோல் 8, துணி 6, தலைக்கவசம், பூட்ஸ், மற்றவை சேர்த்து மொத்தம் 120 கிலோ என்று வையுங்கள். விசிறி நின்றுவிட்டால் இந்த மூட்டை கல் மாதிரி விழுவதில்லை. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ ஐந்து மீட்டர் முன்னே போகும். ஆகவே இறங்காமல் மட்டமாகப் பறக்க, எடையில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுவிசை இருந்தால் போதும். 24 கிலோ. அதற்கு மேல் எஞ்சின் தருவதெல்லாம் ஏறுவதற்கு. 50 கிலோ தள்ளும் எஞ்சின் இருந்தால், வினாடிக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இந்த ஆள் மேலே போவார்.

இத்தாலியில் செய்யும் டாப் 80 என்ற குட்டி எஞ்சின் அந்த வகை. 80 சிசியில் ஏறக்குறைய 15 குதிரைத்திறன். நம் ஊரில் ஒரு தலைமுறையே உயிரை விட்ட ஆர்எக்ஸ் 100 பைக்கில் இருந்தது 11தான்! உலகெங்கும் பரவலாக விற்கும் இன்னொரு இத்தாலிய எஞ்சின் விட்டோராசியின் மோஸ்டர் 185. அது 25 குதிரைத்திறன், 75 கிலோ அளவுக்குத் தள்ளும். அறுபது கிலோ ஆள் அதை வாங்கினால் என்ன ஆகும்? தேவையில்லாத கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விசிறி ஒரு பக்கம் சுற்ற, அதன் எதிர்முறுக்கு ஆளை மறுபக்கம் திருப்பும். விசை கூடக் கூட முறுக்கும் கூடும். முழு திராட்டிலைப் பிடித்தபடி துணியின் பின்விளிம்பை வளைக்கும் பிரேக் கயிற்றையும் ஆழமாக இழுத்துவிட்டால், ஆள் துணிக்குக் கீழே ராட்டினம்போல் முறுக்கிக்கொள்வதும் உண்டு. தொண்ணூறு கிலோ ஆள் குட்டி எஞ்சினை வாங்கினால் வேறு சிக்கல்: ஓடுவார், ஓடுவார், வேலி வந்துவிடும். என்னைக் கேட்டால் எஞ்சின் தேர்வில் மூன்று கேள்விகள் போதும். என் எடைக்கு இது பொருந்துமா? இதை மாட்டிக்கொண்டு என்னால் ஐம்பது அடி ஓட முடியுமா? பழுதானால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றும் இந்த எஞ்சின்கள் பழைய டிவிஎஸ் 50 போலத்தான்: பிளக் கரி பிடிக்கும், கார்புரேட்டர் மக்கர் செய்யும், பெல்ட் தேயும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர் பறப்பதைவிடக் காத்திருப்பதே அதிகமாக இருக்கும்.

துணிக்கு வருவோம். பாராகிளைடர் இறக்கைகளுக்கு ஐரோப்பியத் தரச்சான்று ஒன்று உண்டு. ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். சோதனை விமானி வேண்டுமென்றே இறக்கையை ஒரு பக்கம் மடக்கிவிட்டு, அது தானாக நிமிர்கிறதா, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு உயரத்தை இழக்கிறது என்று பார்ப்பார். ஏ வகுப்புத் துணி பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும்; பறப்பவர் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும். டி வகுப்பு அப்படி விட்டுவைக்காது. பறப்பவர் செய்ய வேண்டியதைச் சரியான நொடியில் செய்தாக வேண்டும். புதிதாக வருகிறவருக்கு ஏ, மிஞ்சினால் பயிற்றுநர் ஒப்புக்கொண்ட பி. அதற்கு மேல் விற்க முயலும் கடைக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

வகுப்புக்கு அடுத்தது அளவு. ஒவ்வொரு இறக்கையிலும் அது சுமக்கும் எடை வரம்பு அச்சிட்ட சீட்டு தைத்திருக்கும். அதோடு ஒப்பிட வேண்டியது உங்கள் உடல் எடை அல்ல. மேலே போட்ட 120 கிலோ கணக்கைப் பார்க்க வேண்டும். அதே துணியில் எடை கூடினால் வேகம் கூடும், திருப்பம் சுருக்கென்று வரும், தரையிறங்கும்போது வேகமாக ஓட வேண்டியிருக்கும். பழைய துணி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். வெயில் நைலானைத் தின்றுவிடும். துணியின் வழியே காற்று கசிய ஆரம்பித்தால் இறக்கை மேலே எழும்பவே சோம்பல் படும். நூல்களும் காலப்போக்கில் நீளும், சுருங்கும். சில மில்லிமீட்டர் மாறினாலும் இறக்கையின் குணம் மாறிவிடும். சோதனைக்கூடத்தில் துணியின் கசிவையும் நூலின் அளவையும் பார்த்துத் தந்த சான்று இல்லாத பழைய இறக்கை, எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பயிற்சியில் முதல் சில நாட்கள் எஞ்சினைத் தொட விடமாட்டார்கள். திறந்த மைதானத்தில், காலைக் காற்றில், துணியை மட்டும் தலைக்கு மேல் நிறுத்திப் பழக வேண்டும். இது பட்டம் விடுவது போலத் தோன்றும். ஆனால் இருபத்தைந்து சதுர மீட்டர் பட்டம் நம்மைத்தான் விடும். இடப்பக்கம் சாய்கிறதா, கயிற்றை இழுப்பதற்கு முன் கால் இடப்பக்கம் ஓட வேண்டும்; துணிக்கு அடியில் போய் நிற்க வேண்டும். புதியவர்கள் கையால் சமாளிக்கப் பார்ப்பார்கள். கால் நகர்ந்தால்தான் வேலை நடக்கும். இந்தப் பாடம் உடம்பில் ஏறப் பல காலைகள் பிடிக்கும். அலுப்பாகவும் இருக்கும். பாதியில் விட்டுப் போகிறவர்கள் இங்கேதான் போகிறார்கள்.

பிறகு அந்த முதல் ஓட்டம். துணியைப் பின்னால் குதிரை லாட வடிவில் பரப்பியாயிற்று. நூலில் முடிச்சு, சுள்ளி எதுவும் இல்லை. முதுகில் எஞ்சின் மெதுவாக இரைகிறது. இரண்டு கையிலும் துணியின் முன் நூல்களைத் தாங்கும் முன்பட்டைகள், வலக்கையில் திராட்டில். காற்றை நோக்கி ஓட ஆரம்பித்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அதுதான் துணி எழுகிறது என்பதன் அடையாளம். மேலே வந்ததும் இழுப்பு லேசாகும். அப்போது முன்பட்டையை விட்டு, துணி தலையைத் தாண்டி முன்னால் பாயாதபடி பிரேக்கை ஒரு தொடு தொட்டு, நிமிர்ந்து பார்த்து, நேராக இருந்தால் மட்டும் திராட்டிலை அழுத்த வேண்டும். கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் வாக்கிடாக்கியில் பயிற்றுநர் “ஓடு, ஓடு, உட்காராதே” என்று கத்திக்கொண்டிருப்பார். கால் சற்று லேசானதும் உட்கார்ந்துவிடுவது மனித சுபாவம். இருக்கை பின்னாலேயே இருக்கிறது அல்லவா! இறக்கை இன்னும் முழு எடையை வாங்கியிருக்காது. பொத்தென்று தரையில் அமர்ந்தால் கூண்டு நெளிந்து விசிறி உடையும். பாராமோட்டார் பள்ளிகளில் உடைந்த விசிறிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

விசிறி உடைந்தால் மாற்றலாம். கையை மாற்ற முடியாது. இந்த விளையாட்டில் மோசமான காயங்கள் பலவும் வானத்தில் நேர்வதில்லை. தரையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது நேர்கின்றன. ஒருவர் எஞ்சினைக் கீழே வைத்துக் கயிற்றை இழுக்கிறார். திராட்டில் கம்பி எங்கோ சிக்கி, திறந்தபடி இருந்திருக்கிறது. உயிர்பெற்ற மறுநொடி எஞ்சின் முழு விசையோடு பாய்கிறது. தடுக்க நீளும் கை வலைக்குள் போய்விடுகிறது. ஐம்பது கிலோ விசையில் எந்த வலையும் வளையும். அதனால்தான் முதுகில் மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள். சூடேற்றத் தரையில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் திராட்டில் கையில் இருக்க வேண்டும், நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், சட்டத்தை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்ட வேண்டும்.

வானத்தில் போனபின் எளிய கணக்கு ஒன்று மாறவே மாறாது: எஞ்சின் இந்த நொடி நின்றால் எங்கே இறங்குவேன்? ஐந்துக்கு ஒன்று என்ற சறுக்கல் விகிதம் தெரிந்தால் விடை கிடைக்கும். நூறு மீட்டர் உயரத்தில் இருந்தால் அரை கிலோமீட்டருக்குள் ஒரு திறந்த வயல் வேண்டும். எதிர்க்காற்று இருந்தால் அதுவும் சுருங்கும். தண்ணீருக்கு மேல் கரை எட்டாத தூரம் போகக் கூடாது. இருபத்தைந்து கிலோ எஞ்சின் முதுகில் பூட்டியிருக்க, நூல்கள் காலைச் சுற்ற, நீச்சல் வீரரும் மூழ்குவார். கடற்கரையில் பறப்பவர்கள் தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் மிதவைகளைச் சட்டத்தில் கட்டிக்கொள்வது அதற்காகத்தான். தாழப் பறக்கிறவர்களுக்கு எமன் மின்கம்பி. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும்.

நேரமும் முக்கியம். விடிந்து இரண்டு மணி நேரம், அந்திக்கு முன் இரண்டு மணி நேரம். நடுப்பகலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றுத்தூண்கள் துணியைக் கசக்கிவிடும். அந்தத் தூண்கள் மேலே போய்த் திரளும் மேகத்தின் இழுப்பு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா ஊருக்கு மேலே நடந்ததே போதும். போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மனிய பாராகிளைடர் வீராங்கனை ஈவா விஷ்னியர்ஸ்காவை இடிமேகம் உறிஞ்சி 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. நினைவிழந்து, பனி போர்த்தி, உயிரோடு இறங்கினார். அதே நாளில் அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் திரும்பவில்லை.

ஐம்பது, அறுபது முறை பறந்தபின் ஒரு நமைச்சல் வரும். துணி மெதுவாகப் போவதாகத் தோன்றும். சாதாரணத் துணியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். எதிர்க்காற்று முப்பது என்றால் கீழே சைக்கிள்காரர் முந்திவிடுவார். இப்போதுதான் ரிஃப்ளெக்ஸ் வகை இறக்கைகள் பேச்சில் அடிபடும். இவற்றின் பின்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்பட்டையை நீளவிடும் டிரிம்மரைத் தளர்த்தினால் வேகம் கூடும், கூடவே முன்விளிம்பு மடங்காமல் உறுதியாகவும் நிற்கும். வேகமும் பாதுகாப்பும் ஒன்றாகக் கிடைத்ததுபோல் தோன்றும் இடம் இது. அந்த வேகத்தில் வழக்கம்போல் பிரேக்கை இழுத்தால் வளைவு கெட்டு, உறுதி போய்விடும். முன்விளிம்பு மடங்கவும் கூடும். வேகத்தில் மடங்கும் துணி மெதுவான துணியைப்போல் பொறுமையாக இராது. திருப்புவதற்கு இறக்கை முனைகளை மட்டும் இழுக்கும் தனிக் கைப்பிடிகள் உண்டு. கைப்பழக்கத்தையே மாற்ற வேண்டும் என்பது இதன் பொருள்.

அடுத்த படிக்குப் போகிறவர்கள் எஸ்ஐவி என்ற பயிற்சிக்குப் போவது நல்லது. பிரான்சின் அன்சி ஏரி, துருக்கியின் ஓலுடெனிஸ் கடற்கரை ஆகியவை இதற்குப் பேர்பெற்ற இடங்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு, மலையிலிருந்து தண்ணீருக்கு மேல் பறந்து, கீழே மீட்புப் படகு காத்திருக்க, வேண்டுமென்றே துணியை மடக்குவார்கள். மடங்கிய துணியை முதல்முறை பார்ப்பது அப்படியொரு இடத்தில் இருக்கட்டும். ஊர் வயலுக்கு மேல் முப்பது மீட்டரில் வேண்டாம். தாழ வந்து தரையைக் காலால் உரசுவதும், சின்ன இறக்கையில் சாய்ந்து சுழல்வதும் வீடியோவில் அழகாக இருக்கும். தவறு நேர்ந்தால் திருத்த உயரம் இருக்காது.

பழக்கம் மட்டுமே காப்பாற்றிவிடாது. 2016இல் சாஷா டென்ச் என்ற பெண், பெவிக் அன்னங்களின் வலசைப் பாதையில் ரஷ்யாவின் ஆர்க்டிக் சதுப்பிலிருந்து பிரிட்டன் வரை ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் பாராமோட்டாரில் பறந்தார். அப்படிப்பட்டவர் 2021 செப்டம்பரில் மின்சார பாராமோட்டாரில் பிரிட்டனைச் சுற்றி வந்தபோது, ஸ்காட்லாந்து வானில் அவரும் உடன் பறந்த டான் பர்ட்டனும் மோதிக்கொண்டார்கள். பர்ட்டன் இறந்தார், டென்ச் பலத்த காயத்தோடு பிழைத்தார்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் காலியான இயந்திர எடை 254 பவுண்டுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. ஆனால் நெரிசலான ஊர்களுக்கு மேல் பறக்கக் கூடாது. பிரான்சில் உரிமம் வேண்டும். இந்தியாவில் 2016இல் விமானப்படைக் குழு ஒன்று பாராமோட்டாரில் பத்தாயிரம் கிலோமீட்டர் சுற்றி வந்தது உண்மைதான். அதே நாட்டின் தலைநகரில் குடியரசு தின நேரத்தில் டிரோனோடு சேர்த்து பாராமோட்டாருக்கும் தடை உத்தரவு வரும். எங்கே பறக்கலாம், யார் அனுமதி தர வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே பயிற்சிப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். எஞ்சின் வேண்டாம், ஒரு காலைப்பொழுதுக்குத் துணியை மட்டும் கொடுங்கள் என்று. ஒரு மணி நேரம் மைதானத்தில் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மறுநாளும் போகத் தோன்றினால் எஞ்சின் விலையை விசாரிக்கலாம்.