கோடைத் தீ: முதல் பத்து நிமிடம் ஊர்க்காரர்கள் கையில்!

உத்திரமேரூர் வட்டாரத்தில் நவரை நெல் அறுவடை முடிவதும், சொர்ணவாரிக்கு நிலம் தயாராவதும் சித்திரையை ஒட்டி அடுத்தடுத்து வரும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளும் வைக்கோலும் வயலில் காய்ந்து கிடக்கும். ஏரி உள்வாயில் கோரையும் புல்லும் சருகாகி நிற்கும். அந்த நேரத்தில் தாளுக்கு வைக்கும் தீ வரப்பைத் தாண்டினால், அடுத்தவர் வைக்கோல் போர், பனைமரம், மாட்டுக் கொட்டகை, கூரை வீடு எதுவும் தப்பாது.

குரங்கணி சொல்லும் பாடம்

காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தமிழ்நாடு 2018 மார்ச் 11 அன்று பார்த்தது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும்போது தீயில் சிக்கினார்கள். பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. காயம்பட்டவர்களைத் தேடி முதலில் மேலே ஏறியவர்களில் உள்ளூர் மக்கள் இருந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகே வந்தன.

சரிவில் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம், 10 டிகிரி சரிவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். உத்திரமேரூரில் மலை இல்லாவிட்டாலும் ஏரிக்கரைச் சரிவு இருக்கிறது. சமவெளியில் சரிவின் வேலையைக் காற்று செய்துவிடும்.

எந்த நாள் ஆபத்தான நாள்?

வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்குக் கீழ், காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். இந்த மூன்றும் சேரும் நாள் மிக ஆபத்தானது என்பது தீயணைப்பில் உள்ள எளிய கணக்கு. காஞ்சிபுரம் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் பகலில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, பிற்பகலுக்கு மேல் கடல்காற்றாகத் திரும்பும். காலையில் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போன தீ, மாலையில் வீட்டை நோக்கியே வரலாம்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டறிந்து எச்சரிக்கிறது. ஆனால், செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் கடந்து போகும். அரை மணி நேரத்தில் எரிந்து முடியும் வைக்கோல் போரை அது காப்பாற்றாது. அந்த வேலை ஊருடையது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

* வைக்கோல் போரை வீட்டிலிருந்து குறைந்தது 60 அடி தள்ளி, மின்கம்பிக்குக் கீழே இல்லாமல் போட வேண்டும். ஒரே பெரிய போரைவிட இரண்டு சிறிய போர்கள் நல்லது.
* ஈர வைக்கோலைப் போர் போடக்கூடாது. உள்ளே சூடேறித் தானாகவே பற்றக்கூடும்.
* போரைச் சுற்றியும், வயல் ஓரத்திலும் 10 அடி அகலத்துக்குக் கோடை உழவு ஓட்டிவிட்டால் அதுவே தீத்தடுப்புக் கோடு.
* அறுவடை இயந்திரத்தின் சைலன்ஸரில் சேரும் வைக்கோல் தூசியை அவ்வப்போது துடைக்கச் சொல்ல வேண்டும்.
* விசைத்தெளிப்பானில் மருந்து வாடை போகக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்தால் அவசரத்துக்கு உதவும்.

பற்றிக்கொண்டால்...

உடனே 101 அல்லது 112-க்கு அழைக்க வேண்டும். ஊர்ப் பெயரோடு, எந்த ஏரிக்கரை, எந்தப் பாதையில் பெரிய வண்டி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூரிலிருந்து வரும் தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட, ஒருவர் சாலை முனையில் நிற்க வேண்டும். வண்டியில் உள்ள தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடும் என்பதை முன்பே பேசி வைத்திருந்தால் நேரம் மிச்சமாகும்.

மாடு, ஆடுகளின் கயிற்றை முதலில் அறுத்துவிட வேண்டும். மின்கம்பி அருகே தீ இருந்தால், மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீர் அடிக்கக்கூடாது. சிறிய தீயைப் பச்சை வேப்பங்கிளையாலோ ஈரச் சாக்காலோ பக்கவாட்டில் நின்று அடித்து அணைக்கலாம். தீ ஓடும் திசையில் முன்னால் ஓடுவது உயிருக்கு ஆபத்து. பக்கவாட்டில் விலக வேண்டும் அல்லது ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்குப் போக வேண்டும்.

எரிப்பதில் லாபம் உண்டா?

ஒரு டன் வைக்கோலை எரித்தால் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து வீணாவதாகக் கணக்கிடப்படுகிறது. வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரம் மூலம் எடுத்து விற்கலாம். தாளை மடக்கி உழுது, முதல் சேற்றுழவில் ஏக்கருக்கு 9 கிலோ யூரியா இட்டால் விரைவில் மட்கும்.

மீறித் தீ விபத்து நேர்ந்தால், இடத்தைக் கலைக்கும் முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றே தகவல் தர வேண்டும். நிவாரணம் கேட்கும்போது தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை கைகொடுக்கும்.

நவரை அறுப்புக்கு ஆள், இயந்திரம் பேசும்போதே, தாளை என்ன செய்வது என்பதையும் பக்கத்து வயல்காரரோடு பேசி முடிவு செய்துவிடுவது இருவருக்கும் நல்லது.