உங்களுக்குத் தெரியுமா? அழுத்தாமல் நீவும் மருத்துவம்

மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நீரை வடிகட்டி அனுப்பும் சிறு முடிச்சுகள், அகற்றப்பட்டாலோ கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டாலோ, அந்நீர் போதிய வடிகாலின்றிக் கையில் தேங்கக்கூடும். நிணநீர் வீக்கம் எனப்படும் இது சிகிச்சை முடிந்த சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ தோன்றலாம்.

இன்று இவ்வீக்கத்துக்கு அளிக்கப்படும் 'கைவழி நிணநீர் வடிப்பு' என்னும் நீவுமுறை புற்றுநோய்க்காகத் தோன்றியதன்று. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் 1930களில் பிரான்சின் கான் நகரில், நாட்பட்ட சளியால் கழுத்துக் கணுக்கள் வீங்கியவர்களுக்காக இதை வகுத்து, 1936இல் பாரிசில் அறிமுகப்படுத்தினர்.

நிணநீரை ஏற்கும் மிக நுண்ணிய நாளங்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே தொடங்குவதால், தசையை ஆழமாகப் பிசையும் வழக்கமான மசாஜுக்கு மாறாக, இதில் தோல் மட்டும் மெல்ல நகரும் அளவுக்கே கை படுகிறது. நிணநீர் இறுதியில் கழுத்தடியிலுள்ள பெருஞ்சிரைகளில் கலப்பதால், நீவுதலும் வீங்கிய கையில் தொடங்காது, கழுத்திலும் உடற்பகுதியிலும் வழியைத் திறந்துவிட்ட பின்னரே கைக்கு வருகிறது.

பிற்காலத்தில் ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மருத்துவர் மிகாயேல் ஃபோல்டி, அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றுடன் இதனை இணைத்து முழுமையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். கையில் தொற்றோ இரத்தக் கட்டியோ இருக்கையில் நீவுதல் தீங்காகலாம் என்பதால், மருத்துவரின் ஒப்புதலுடன் பயிற்சி பெற்றவரிடமே இதைப் பெறுவது முறையாகும்.