உடைவதற்கென்றே ஓர் உதிரிப்பாகம்

புல்வெட்டி, வேலிச்செடி கத்தரிக்கும் இயந்திரம், பிரஷ் கட்டர் போன்ற தோட்டக் கருவிகள் ஒரேயடியாகச் செத்துப்போவது அபூர்வம். மோட்டார் ஓடும், கூடு கெட்டியாக இருக்கும். உள்ளே ஒரு நைலான் பல்சக்கரமோ புஷ்ஷோ மட்டும் தேய்ந்திருக்கும். அந்த மாடல் நின்றுபோய் வெகுகாலமாயிற்று, ஸ்பேர் வராது என்று கடைக்காரர் கைவிரித்ததும் முழுக் கருவியும் பழைய இரும்புக்குப் போகிறது. போகத் தேவையில்லை. அந்த ஒரு பாகத்தை லேத் பட்டறையிலோ முப்பரிமாண அச்சு இயந்திரத்திலோ செய்துகொள்ளலாம். ஆனால் பழையதை அச்சு அசலாகச் செய்தாலும் தப்பாகலாம், அதைவிட உறுதியாகச் செய்தாலும் தப்பாகலாம். அது அங்கே என்ன வேலை பார்த்தது, எதனால் போனது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

உறுதி எப்படிக் கெடுதலாகும்? பெட்ரோல் புல்வெட்டிகள் பலவற்றில் கத்தி நேரே கிராங்க் ஷாஃப்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் ஃப்ளைவீல். அதைப் பிடித்து வைத்திருப்பது கூம்பு வடிவப் பொருத்தமும் மேலே முடுக்கிய நட்டும்தான். இடையில் இருக்கும் சின்னஞ்சிறு கீ, தீப்பொறி சரியான நேரத்தில் விழும்படி சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துகிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் இந்தக் கீ மென்மையான உலோகத்தால் ஆனது. கத்தி கல்லில் மோதி ஷாஃப்ட் சட்டென நின்றால், சுற்றும் வேகத்தில் இருக்கும் ஃப்ளைவீல் கீயைக் கத்தரித்துவிடும். எஞ்சின் கிளம்பாது, செலவு சொற்பம். இது அடிக்கடி போகிறதே என்று எஃகில் ஒரு கீ கடைந்து போடுவது, ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதற்குச் சமம். அடுத்த அடியில் போவது ஃப்ளைவீலாகவோ கிராங்க் ஷாஃப்ட்டாகவோ இருக்கும்.

அச்சு அசல் நகலும் காலை வாரும். பழைய பிரஷ் கட்டரின் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் சவ்வும் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்று இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. அதே ரப்பரில் புதுச் சவ்வு வெட்டிப் போட்டால் அதுவும் விறைத்துப்போகும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். பல்சக்கரத்திலும் தேய்ந்ததை அளந்து அப்படியே வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்து வெட்டியதாகும். காலிப்பர் 41.7 மி.மீ. காட்டுகிறது, பற்கள் 40 என்று வைத்துக்கொள்வோம். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, விட்டத்தை அதனால் வகுத்தால் 0.99 வரும். நேர்ப்பல் சக்கரமானால், பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் என்ற எண் 1 என்று பொருள். புதிதில் விட்டம் 42 மி.மீ. இருந்திருக்க வேண்டும். அச்சு இயந்திரத்தில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகும். மாதிரி பார்க்க அது போதும். ஓடும் சக்கரத்தை நைலான் ராடில் வெட்டுவதே நல்லது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதிதாகவே வாங்கலாமே என்பவர்கள் சொல்வது மலிவான கருவிகளுக்குப் பொருந்தும். கெட்டியான வார்ப்பிரும்பு உடலுள்ள பழைய இயந்திரத்துக்குப் பொருந்தாது. பாதுகாப்பு பற்றிய எதிர்ப்பை முழுதாக ஏற்கத்தான் வேண்டும். சுழலும் கத்தி, அதன் தடுப்பு, செயின் ரம்பத்தின் பிரேக் ஆகியவற்றைப் பட்டறையில் செய்யவே கூடாது; அவை கிடைக்காவிட்டால் கருவியை விட்டுவிடுவதே சரி. புகை பற்றிய எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத பெட்ரோலையும் வெளியே தள்ளுகிறது. கலிஃபோர்னியா 2021இல் சட்டமியற்றி, 2024 முதல் இத்தகைய புதிய சிறு எஞ்சின்களுக்கு வரம்பு விதித்தது. ஆகவே பழுதுபார்க்கும் ஆர்வத்தை முதலில் மின்சாரக் கருவிகள் பக்கம் திருப்பலாம். அவற்றில் போவது பெரும்பாலும் பல்சக்கரமும் கார்பன் பிரஷ்ஷும்தான்.

உற்பத்தியாளர் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தின் பொருள் பட்டியலில் துணி துவைக்கும் இயந்திரம் உண்டு, புல்வெட்டி இல்லை. இந்தியாவில் 2022இல் மத்திய அரசு அமைத்த குழு, பழுதுபார்க்கும் உரிமைக்கான நான்கு துறைகளில் ஒன்றாக விவசாயக் கருவிகளைச் சேர்த்தது. சட்டம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உடைந்த பாகத்தின் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றையும், அதோடு சேர்ந்து சுழலும் எதிர்ப்பாகத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.